எழுத்தாளர் மாநாட்டில் சுயபதிப்பு அமர்வு: வைக்கலாமா, எப்படி வைப்பது

மாநாட்டுக்கு நிகழ்ச்சி நிரல் போட உட்காரும் ஒவ்வொரு முறையும் இந்தப் பேச்சு வரும். சுயபதிப்பு பற்றி ஓர் அமர்வு வைக்கலாமா, வேண்டாமா? ஒருவர், "நாம் எழுத்தைப் பற்றிப் பேசக் கூடுகிறோம், அச்சுக்கூலியைப் பற்றிப் பேச இல்லை" என்பார். இன்னொருவர், "அதை உள்ளே விட்டால் தரம் போய்விடும்" என்பார். மூன்றாவது ஆள், "ஒரு நிறுவனம் தானே வந்து அந்த அமர்வை நடத்தித் தருகிறதாம், மதியச் சாப்பாட்டுச் செலவையும் ஏற்றுக்கொள்கிறதாம்" என்பார். அதற்குள் நேரம் ஆகிவிட்டிருக்கும், எல்லோரும் சரி என்று தலையாட்டிவிடுவார்கள். நான் பார்த்தவரை, கெட்டுப்போன சுயபதிப்பு அமர்வுகள் பெரும்பாலும் இந்தத் தலையாட்டலில்தான் கெட்டன.

என் பதில்: கட்டாயம் வைக்க வேண்டும். வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசியுங்கள். அறையில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஊருக்குப் போன மறுவாரமே 'என் புத்தகத்தை வெளியிடுவது எப்படி' என்று இணையத்தில் தேடப் போகிறார்கள், தேடினால் முதலில் வந்து நிற்பது விளம்பரத்துக்குக் காசு கொடுத்த ஆட்கள்தான். மாநாட்டில் யாரும் சொல்லித்தராததை அவர்கள் தங்கள் வசதிப்படி சொல்லித்தருவார்கள். எழுதுகிறவர்களை நல்ல எண்ணத்தோடு ஓரிடத்தில் கூட்டுகிற நமக்கு, அவர்கள் கையிலிருக்கும் பணத்துக்கும் உரிமைக்கும் ஆபத்து வருகிற இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கடமை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். சரி, எப்படி வைப்பது என்று பார்ப்போம்.

முதலில் குழுவைச் சம்மதிக்க வையுங்கள்

'தரம் போய்விடும்' என்பவரிடம் சண்டை போடாதீர்கள். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது, திருத்தமே பார்க்காமல் வெளிவரும் புத்தகங்கள் நிறைய. ஆனால் சொந்தக் காசில் போடுவதற்கும் தரத்துக்கும் உள்ள உறவு அவர் நினைப்பது போல் அவ்வளவு நேரானது இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட் தன் பெரிய நாவலின் முதல் பாகத்தை 1913-ல் பதிப்பாளருக்குத் தானே பணம் கொடுத்துத்தான் வெளிக்கொண்டுவந்தார். குழந்தைகளுக்கு எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர் தன் முயல் கதையைப் பதிப்பகங்கள் ஏற்காத நிலையில் 1901 டிசம்பரில் 250 பிரதி தன் செலவில் அச்சடித்தார். அடுத்த ஆண்டே ஃபிரடெரிக் வார்ன் நிறுவனம் அதை வெளியிட்டது. ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா உல்ஃபும் அவர் கணவரும் 1917-ல் வீட்டிலேயே கையால் இயக்கும் அச்சு இயந்திரம் வைத்து ஹோகார்த் பிரஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார்கள்.

இந்தப் பெயர்கள் குழுக் கூட்டத்துக்கு மட்டும். மேடையில் இவற்றைச் சொல்லி யாரையும் உசுப்பிவிட வேண்டாம், 'ப்ரூஸ்டே செய்தார், நீங்கள் செய்யக் கூடாதா' என்பது எழுத்தாளரிடம் பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தரும் பேக்கேஜ் விற்பவர்களுக்கு ரொம்பப் பிடித்த வசனம். குழுவுக்கு இன்னும் பொருத்தமாக ஒன்று வேண்டுமானால், அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கமான எஸ்எஃப்டபிள்யூஏ 2015-ல் சுயமாகப் பதிப்பித்தவர்களையும் உறுப்பினராகச் சேர்க்கத் தொடங்கியதைச் சொல்லுங்கள். எவ்வளவு சம்பாதித்தார்கள் என்று பார்த்துச் சேர்த்தார்கள், யார் வெளியிட்டார்கள் என்ற கேள்வியைத் தள்ளி வைத்தார்கள். அளவுகோல் ஒன்று வைத்துக்கொண்டால் கதவைத் திறக்கலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

வருபவர்களிடம் கேளுங்கள்

பதிவுப் படிவத்தில் மூன்று கேள்விகள் போதும். எழுதி முடித்து வைத்த கையெழுத்துப் பிரதி கையில் இருக்கிறதா? ஏற்கெனவே ஏதாவது வெளியிட்டிருக்கிறீர்களா, எந்த வழியில்? புத்தகம் வெளியிட யாருக்காவது பணம் கொடுத்திருக்கிறீர்களா, அல்லது கேட்டிருக்கிறார்களா?

மூன்றாவது கேள்வியை எடுத்துவிடச் சொல்லிக் குழுவில் யாராவது சொல்வார்கள், ஒரு மாதிரி இருக்கிறது என்பார்கள். எடுக்காதீர்கள். பெயர் எழுதாமல் தனியாக நிரப்பும்படி வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாநாட்டில் இந்தக் கேள்விக்கு வந்த பதில்களைப் படித்த பிறகுதான் அதுவரை எதிர்த்தவரே, "இதற்கு ஒரு மணி நேரம் போதாதே" என்றார். முதல் கேள்வியின் பதிலும் முக்கியம். பாதிப் பேரிடம் முடித்த பிரதியே இல்லை என்றால், வெளியீட்டைப் பற்றிய அமர்வுகளைக் குறைத்து, எழுதி முடிப்பது பற்றிய பயிலரங்கை நீட்டிக்க வேண்டும். எழுதி முடிக்காதவருக்கு அட்டைப்பட நுணுக்கம் சொல்லிக்கொடுப்பதில் அவருக்கு நன்மை எதுவும் இல்லை.

எத்தனை அமர்வு, எந்த நேரம்

முடிந்தால் மூன்று வையுங்கள்: கணக்கு ஒன்று, வேலை ஒன்று, ஒப்பந்தம் ஒன்று. ஒன்றுக்குத்தான் இடம் என்றால் கணக்கை எடுத்துக்கொண்டு, கடைசி இருபது நிமிடத்தை ஒப்பந்தத்துக்கு ஒதுக்குங்கள். வேலை பற்றிய விவரங்களை, அதாவது கோப்பு எப்படித் தயாரிப்பது, எங்கே ஏற்றுவது போன்றவற்றை, ஓர் ஆள் பிறகு வீட்டில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொள்ளலாம். பணம் கொடுக்கும் முன் எதை எண்ணிப் பார்க்க வேண்டும், கையெழுத்துப் போடும் முன் எதைப் படிக்க வேண்டும் என்பதை ஒரு மனிதர் எதிரே நின்று சொல்லித்தந்தால்தான் மண்டையில் ஏறும்.

கடைசி நாள் மாலை, பாதிப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் இதைத் தள்ளாதீர்கள். பதிப்பாசிரியர்களையும், எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் பேசும் இலக்கிய முகவர்களையும் நேரில் சந்திக்கும் நேரத்தோடு மோத விடுவதும் தப்பு. இரண்டு வழியையும் எடைபோட்டுப் பார்க்கத்தான் அந்த எழுத்தாளர் வந்திருக்கிறார், ஒன்றைக் கேட்டால் மற்றது கிடைக்காது என்று ஆக்கிவிட்டால் அவரை நாமே ஒரு பக்கம் தள்ளிவிட்டது மாதிரி ஆகிவிடும்.

மேடையில் யார்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். நான் வைத்துக்கொள்ளும் விதி: பேச வருபவரின் வருமானம் வாசகர்களிடமிருந்து வர வேண்டும். எழுத்தாளர்களிடம் சேவை விற்றுச் சம்பாதிப்பவர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த மேடையில் தனியாக நிற்கக் கூடாது. எடிட்டரோ அட்டை வடிவமைப்பாளரோ வந்து தங்கள் வேலையைச் செய்து காட்டலாம், அது வேறு, அவரும் தன் கட்டணத்தை மேடையில் சொல்ல வேண்டாம்.

மூன்று நான்கு புத்தகம் போட்டவரைத் தேடுங்கள், அதில் ஒன்றாவது விற்காமல் போயிருக்க வேண்டும். ஒரே புத்தகம் போட்டு அது ஓடிவிட்ட ஆளுக்கு ஏன் ஓடியது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. விற்காத புத்தகத்தைப் பற்றிப் பேசத் தயாராக இருப்பவர் சொல்வதில் ஒவ்வொரு வரியிலும் விஷயம் இருக்கும். அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள்: கடைசி ஆறு மாத விற்பனை அறிக்கையைத் திரையில் காட்டுவீர்களா? முடியாது என்றால் பரவாயில்லை, நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள். நாவல் பயிலரங்கு நடத்துபவருக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதே தொகை. இலவசமாகப் பேச ஆள் தேடினால், அந்த அறையில் வாடிக்கையாளர் பிடிக்க வருபவர்தான் கிடைப்பார்.

அப்புறம், பேசுபவரின் விவரங்கள் இந்த ஆண்டுக்கானவையா என்று பாருங்கள். இந்தத் துறையில் விகிதங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. எழுத்தாளர்களே புத்தகத்தை ஏற்றி விற்கும் அமேசானின் கேடிபி தளத்தில் அச்சுப் புத்தகத்துக்கு வெகுகாலம் விலையில் 60 சதவீதத்தை எழுத்தாளர் பங்காக வைத்து அதிலிருந்து அச்சுச் செலவைக் கழித்தார்கள். 2025 ஜூன் முதல் குறைந்த விலைப் புத்தகங்களுக்கு அது 50 சதவீதம் ஆகிவிட்டது. பழைய படவில்லைகளோடு வருபவர் நல்லெண்ணத்தோடே தப்பான கணக்கைச் சொல்லிவிட்டுப் போவார், அதை நம்பி விலை வைப்பவருக்குத்தான் நஷ்டம்.

ஸ்பான்சர் விஷயம்

சில ஆண்டுகளுக்கு முன் நான் நிகழ்ச்சி நிரல் பொறுப்பில் இருந்த ஒரு மாநாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சுயபதிப்பு அமர்வை ஒரு சேவை நிறுவனம் நடத்தியது. அழகான படவில்லைகள், நல்ல பேச்சு. இரண்டாவது வரிசையில் ஓர் அம்மா உட்கார்ந்து ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார், இருபது வருடமாக எழுதிச் சேர்த்த சிறுகதைகள் அவரிடம் இருந்தன. தேநீர் இடைவேளையில் வாசலில் இருந்த அதே நிறுவனத்தின் மேஜையில் கையெழுத்துப் போட்டார். "மாநாடே அழைத்து வந்தவர்கள்தானே" என்று பிறகு என்னிடம் சொன்னார், அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து அந்த ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினார். 300 பிரதியை அவரே வாங்கிக்கொள்ள வேண்டும். அச்சு, மின்னூல், மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம் எல்லா உரிமையும் பத்து வருடத்துக்கு அவர்களிடம். அட்டையின் மூலக் கோப்பு வேண்டுமென்றால் தனிக் கட்டணம். வீட்டில் கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாகப் பிரதிகள். கதைகள் நன்றாக இருந்தன, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்த மேடையைக் கொடுத்தது நாங்கள்.

அதற்குப் பிறகு நான் ஒரு பக்கத்தில் விதி எழுதி வைத்திருக்கிறேன், நீங்களும் எழுதி வையுங்கள். பணம் கொடுப்பவருக்கு அரங்கில் பெயர்ப்பலகை உண்டு, வாசலில் மேஜை உண்டு, மேடை கிடையாது. வருபவர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் எதுவும் யாருக்கும் தரப்படாது. மாநாடு நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் எந்த எழுத்தாளரிடமும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது, தாளைக் கொடுத்து அனுப்பலாம், அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வரட்டும். மேடையில் பேசும் ஒவ்வொருவரும் தனக்கு எந்த நிறுவனத்தோடு பணத் தொடர்பு என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். இதை ஏற்காத ஸ்பான்சர் விலகினால் விலகட்டும், மதியச் சாப்பாட்டை எளிமையாகப் போட்டுக்கொள்ளலாம்.

கணக்கு அமர்வு

தாளும் பேனாவும் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும், பேசுபவர் வெள்ளைப்பலகையில் போடப் போட அவர்களும் போட வேண்டும். எந்த நாட்டுப் பணத்திலும் சொல்லாமல் புத்தகத்தின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், எங்கிருந்து வந்தவருக்கும் புரியும்.

புத்தகக் கடைகளுக்குப் போக வேண்டுமென்றால் விநியோகத்துக்கும் கடைக்குமாகச் சேர்த்துத் தள்ளுபடி கொடுக்க வேண்டும். தேவைக்கேற்ப அச்சடித்துத் தரும் இன்கிராம்ஸ்பார்க் போன்ற தளங்களில் பலரும் வைப்பது 55. மிச்சம் 45. ஒரு பிரதியை அச்சடிக்க 35 ஆகிறது என்று வைத்துக்கொண்டால் கையில் 10. இதுவரை எல்லோரும் தலையாட்டுவார்கள். இப்போது, விற்காத பிரதியைத் திருப்பி அனுப்பலாம் என்று கடைக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள், கொடுக்காவிட்டால் பல கடைகள் எடுப்பதில்லை, ஒரு பிரதி திரும்புகிறது. கடை கொடுத்த 45 உங்கள் கணக்கிலிருந்து போகும். 10 வந்தது, 45 போனது, 35 நஷ்டம். அதை ஈடுகட்ட இன்னும் மூன்றரைப் பிரதி விற்க வேண்டும். பத்து பிரதி விற்று இரண்டு திரும்பினால் மீதம் எவ்வளவு என்று அவர்களையே போடச் சொல்லுங்கள். 100 வந்தது, 90 போனது, மிச்சம் 10. பத்து பிரதி அனுப்பி, எட்டு விற்று, ஒரு பிரதியின் லாபம். அறை அமைதியாகிவிடும், அந்த அமைதிக்காகத்தான் இந்த அமர்வையே வைக்கச் சொல்கிறேன்.

அடுத்து முன்செலவு. திருத்தம், அட்டை, பக்க வடிவமைப்பு எல்லாம் சேர்ந்து 6000 ஆனது, ஒரு பிரதிக்கு 10 கிடைக்கிறது என்றால் 600 பிரதி விற்ற பிறகுதான் உங்கள் முதல் காசு. இப்போது ஒவ்வொருவரையும், இந்தப் புத்தகத்தை விலை கொடுத்து வாங்குவார் என்று உறுதியாகத் தெரிந்தவர்களின் பெயரைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கொடுங்கள். முப்பது நாற்பதில் பேனா நின்றுவிடும். மீதி ஐந்நூற்றுச் சொச்சம் பேர் எங்கிருந்து வருவார்கள் என்பதுதான் அந்த எழுத்தாளரின் உண்மையான வேலை, அதற்கு அவரிடம் நேரமும் விருப்பமும் இருக்கிறதா என்று அவரே தெரிந்துகொள்வார். இந்த ஐந்து நிமிடத்திலேயே சிலர் பதிப்பகத்தைத் தேடிப் போவது என்று முடிவெடுத்ததைப் பார்த்திருக்கிறேன், அதுவும் நல்ல முடிவுதான்.

மின்னூல் கணக்கு வேறு மாதிரி, அச்சுச் செலவு இல்லை. கேடிபியில் எழுத்தாளருக்கு விலையில் 35 சதவீதம், 70 சதவீதம் என்று இரண்டு வழி. அமெரிக்க விலையில் 2.99 டாலரிலிருந்து 9.99 டாலருக்குள் வைத்தால்தான் 70 கிடைக்கும், அதிலும் கோப்பின் அளவுக்கேற்ப அனுப்புக் கட்டணம் கழியும். படங்கள் நிறைந்த புத்தகத்தில் அந்தக் கழிவு நன்றாகவே கடிக்கும். கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளுக்கு மின்னூலை வேறெங்கும், உங்கள் சொந்தத் தளத்தில்கூட, தர முடியாது. தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதையும் அழுத்திச் சொல்லச் சொல்லுங்கள். சேர்வது தப்பு என்று சொல்ல வரவில்லை, தொடர் நாவல் எழுதுபவர்களில் சிலருக்கு, சந்தா கட்டிப் படிப்பவர்கள் வாசித்த பக்கங்களுக்கு வரும் பணமே வருமானத்தில் பெரிய பகுதி. தெரிந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஐஎஸ்பிஎன் பற்றிப் பத்து நிமிடம் வேண்டும், ஏனென்றால் இதைச் சுற்றித்தான் நிறைய ஏமாற்று. அந்த 13 இலக்க எண் காப்புரிமை தருவதில்லை, ஒரு புத்தகத்தை அடையாளம் காட்டுகிறது, அவ்வளவே. பெர்ன் என்ற சர்வதேசக் காப்புரிமை உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் எழுதிய கணமே காப்புரிமை உங்களுடையது. சாதா அட்டைப் பதிப்புக்கு ஒரு எண், கெட்டி அட்டைக்கு வேறு எண். இந்தியா, கனடா போன்ற நாடுகளில் இலவசம், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் காசு. கேடிபி இலவசமாகத் தரும் எண்ணை அங்கே மட்டும்தான் பயன்படுத்த முடியும், வேறு அச்சகத்துக்கு எடுத்துப்போக முடியாது. 'ஐஎஸ்பிஎன் வாங்கித்தருகிறோம்' என்று பெரிய தொகை கேட்பவரிடம் அந்த எண் யார் பெயரில் பதிவாகும் என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள்.

வேலை அமர்வு

இங்கே பேச்சைக் குறைத்து, பொருளைக் காட்டுங்கள். ஒரே பக்கத்தை மூன்று தாளில் அடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒன்றில் கட்டமைப்புத் திருத்தம், 'இந்தக் காட்சியே இந்த இடத்தில் தேவையா' என்று எடிட்டர் ஓரத்தில் எழுதியது. இரண்டாவதில் வரிக்கு வரி மொழித் திருத்தம். மூன்றாவதில் மெய்ப்பு, விடுபட்ட எழுத்து, இரட்டிப்பான சொல். மூன்றும் வெவ்வேறு வேலை, வெவ்வேறு கூலி, வரிசையும் மாறக் கூடாது. 'எடிட்டிங் உட்பட' என்று பேக்கேஜில் போட்டிருந்தால் இந்த மூன்றில் எது என்று கேட்கும் பழக்கம் இந்தத் தாள்களைத் தொட்டுப் பார்த்தவருக்கு வந்துவிடும்.

அட்டைக்கும் அதே மாதிரி. 300 பக்கப் புத்தகம், லேசான மஞ்சள் தாள் என்றால் கேடிபி கணக்கில் ஒரு பக்கத்துக்கு 0.0025 அங்குலம், புத்தகத்தின் முதுகு 0.75 அங்குலம் வரும். அதையே வெள்ளைத் தாளுக்கு மாற்றினால் ஒரு பக்கத்துக்கு 0.002252, முதுகு 0.68-க்கும் கீழே இறங்கிவிடும். வித்தியாசம் 0.08 அங்குலம்கூட முழுசாக இல்லை, ஆனால் முதுகு எங்கே மடிய வேண்டுமோ அங்கே மடியாமல் ஓரத்து நிறம் முன்னட்டைக்கு வழிந்து, நடுவிலிருந்த தலைப்பும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அட்டை முடிந்த பிறகு தாளை மாற்றிய ஒருவரின் பிரதியும் சரியாக வந்த பிரதியும் கையில் இருந்தால், இரண்டையும் வரிசையில் அனுப்புங்கள். ஆளுக்கு ஆள் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், படவில்லையில் பத்து தடவை காட்டினாலும் அந்தப் பாடம் அப்படி இறங்காது. கூடவே, 79 பக்கத்துக்கு மேல் இருந்தால்தான் அந்தத் தளத்தில் முதுகில் எழுத்தே போட முடியும் என்பதையும் கவிதைத் தொகுப்புப் போடுபவர்களிடம் சொல்லிவிடுங்கள். மெல்லிய நூலாகப் போட்டுவிட்டு, அலமாரியில் பெயர் தெரியவில்லையே என்று வருந்துபவர்கள் உண்டு.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கட்டாயம் கேள்வி வரும். கேடிபியில் 2023 செப்டம்பரிலிருந்து, எழுத்தோ படமோ மொழிபெயர்ப்போ அப்படி உருவாக்கியதா என்று ஏற்றும்போதே தெரிவிக்க வேண்டும். அதை மறைக்க வழி சொல்லித்தரும் பேச்சாளர் வேண்டாம்.

ஒப்பந்த அமர்வு

பெயர்களை அழித்த இரண்டு ஒப்பந்தங்களை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுங்கள், ஒன்று நியாயமானது, இன்னொன்று மோசமானது, எது எது என்று சொல்லாதீர்கள். சிவப்புப் பேனாவால் கோடு போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் படித்துப் பழகிய வழக்கறிஞரோ எழுத்தாளர் சங்கத்து ஆளோ கூட இருந்தால் நல்லது.

அவர்கள் தேட வேண்டியவை: எந்தெந்த உரிமையைக் கொடுக்கிறேன், எத்தனை காலத்துக்கு? எப்போது, எப்படித் திரும்பப் பெறுவேன்? நானே பிரதி வாங்க வேண்டும் என்று எங்காவது இருக்கிறதா? 'நிகர வருமானத்தில் இத்தனை சதவீதம்' என்றால் எதையெல்லாம் கழித்தது நிகரம்? அட்டை, பக்க வடிவமைப்புக் கோப்புகள் யாருக்குச் சொந்தம்? விற்பனைக் கணக்கை நானே பார்க்க முடியுமா, அவர்கள் சொல்வதை நம்ப வேண்டுமா?

எழுத்தாளர்கள் நடுவே வெகுகாலமாகப் புழங்கும் ஒரு விதி உண்டு, ஜேம்ஸ் மெக்டொனால்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் சொன்னது: பணம் எழுத்தாளரை நோக்கித்தான் பாய வேண்டும். அதைக் கேட்டதும், "அப்படியானால் சுயபதிப்பில் நான் செலவழிக்கிறேனே" என்று யாராவது எழுந்து கேட்பார்கள், கேட்க வேண்டும். சுயமாகப் பதிப்பிக்கும்போது நீங்கள்தான் பதிப்பாளர். பதிப்பாளர் என்ற முறையில் எடிட்டருக்கும் அச்சகத்துக்கும் கூலி கொடுக்கிறீர்கள், பதிலுக்கு உரிமையும் வருமானமும் முடிவெடுக்கும் அதிகாரமும் உங்களிடமே இருக்கின்றன. பணத்தையும் கொடுத்து, உரிமையையும் கொடுத்து, வருமானத்தில் ஒரு துண்டு மட்டும் திரும்பி வருகிறது என்றால் அங்கே நீங்கள் பதிப்பாளரும் இல்லை, எழுத்தாளராகவும் அவர்கள் உங்களை நடத்தவில்லை. இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் அந்த அம்மாவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்காது.

ஒரு நிறுவனத்தைப் பற்றி விசாரிக்க எங்கே போவது என்பதையும் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். 1998 முதல் ஏமாற்று வேலைகளைப் பதிவு செய்துவரும் ரைட்டர் பிவேர் தளம், 2012-ல் தொடங்கிய சுயபதிப்பு எழுத்தாளர் கூட்டமைப்பான அலையன்ஸ் ஆஃப் இண்டிபெண்டன்ட் ஆதர்ஸ், இரண்டின் எச்சரிக்கைகளும் பட்டியல்களும் இணையத்தில் யாருக்கும் கிடைக்கும்.

பதிப்பகத்தாரையும் உட்கார வையுங்கள்

ஒரு பொது உரையாடல் இருந்தால் நல்லது, பட்டிமன்றமாக ஆக்கிவிடாதீர்கள். பதிப்பகத்து ஆசிரியர் ஒருவர், இரண்டு வழியிலும் வெளியிட்ட எழுத்தாளர் ஒருவர், கடைக்காரர் ஒருவர் போதும். 'எது சிறந்தது' என்று கேட்டால் ஒன்றும் வராது, 'இந்தப் புத்தகத்துக்கு எது' என்று கேளுங்கள். விருதுகளைக் குறிவைக்கும் இலக்கிய நாவலுக்குப் பதிப்பகமே பொருத்தம், எழுத்தாளரே பதிப்பாளராக இருக்கும் நூலை புக்கர் பரிசு விதிகள் ஏற்பதில்லை. ஆண்டுக்கு மூன்று பாகம் எழுதும் துப்பறியும் கதைக்காரர் பதிப்பகத்தின் வரிசையில் காத்திருந்தால் வாசகர்களை இழப்பார். நிறைய வண்ணப் படங்களோடு வரும் குழந்தைகள் நூலுக்கு ஒவ்வொரு பிரதியாக அச்சடிப்பது கட்டுப்படியாகாது. குடும்பத்து வரலாறு எழுதியவருக்கு ஐம்பது பிரதியே போதும், அவரை மார்க்கெட்டிங் பேசிக் குழப்ப வேண்டாம்.

இரண்டு வழியும் குறுக்கிடும் என்பதையும் காட்டுங்கள். ஹ்யூ ஹோவி என்ற அமெரிக்க எழுத்தாளர் 2011-ல் தானே மின்னூலாக வெளியிட்ட கதை ஓடிய பிறகு, 2012-ல் சைமன் அண்ட் ஷுஸ்டர் நிறுவனத்துக்கு அச்சு உரிமையை மட்டும் கொடுத்து மின்னூல் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். எல்லோருக்கும் அப்படி அமையாது, ஆனால் உரிமைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பேச முடியும் என்பதே அறையில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

கேள்வி நேரமும் புத்தக மேஜையும்

கேள்விகளை அட்டையில் எழுதி வாங்குங்கள். ஏமாந்தவர்கள் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேச மாட்டார்கள், வெட்கப்படுவார்கள். அதனால் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஆளுக்குப் பதினைந்து நிமிடம், முன்பதிவு, தங்கள் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டலாம் என்று அறிவியுங்கள். நாங்கள் முதல் முறை இப்படி வைத்தபோது எட்டு இடங்களும் காலையிலேயே நிரம்பிவிட்டன. அங்கே உட்காருபவர் ஒரே ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும்: "படிக்காமலா கையெழுத்துப் போட்டீர்கள்" என்று கேட்கக் கூடாது.

புத்தக விற்பனை இருந்தால் சுயபதிப்பு நூல்களை மூலையில் தனி மேஜையில் வைக்காதீர்கள். எல்லாவற்றையும் ஆசிரியர் பெயர் வரிசையில் ஒன்றாக அடுக்குங்கள். பிரதியைக் கொடுத்து வைத்தால் விற்பனையில் எத்தனை சதவீதம் மாநாடு எடுத்துக்கொள்ளும், மிச்சப் பிரதியை எப்போது எடுத்துப்போக வேண்டும், பணம் எந்தத் தேதிக்குள் வரும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒப்பந்தம் பற்றி மேடையில் பேசிவிட்டு நாமே வாய்ப்பேச்சில் புத்தகம் வாங்கி வைப்பது நன்றாக இருக்காது.

மாநாடு முடிந்து ஆறு மாதம் கழித்து, சுயபதிப்பு அமர்வுகளில் பதிவு செய்தவர்களுக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்புங்கள். புத்தகம் வெளிவந்ததா, யாருக்காவது பணம் கொடுத்தீர்களா, கையெழுத்துப் போடாமல் விலகிய ஒப்பந்தம் ஏதாவது உண்டா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களை அச்சடித்து அடுத்த நிகழ்ச்சி நிரல் கூட்டத்துக்கு எடுத்துப்போங்கள், ஒரு நிறுவனம் தானே வந்து நடத்தித் தருகிறதாம் என்று யாராவது ஆரம்பிக்கும்போது மேஜையில் வைக்கலாம்.